ஆள் எங்கே சாமி?

கம்பம், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அதை ஒட்டி அமராவதி. நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட விவசாயிகளுக்காக 1961-ல் அங்கே உண்ணாவிரதம் இருந்தவர் ஏ.கே. கோபாலன். அதற்கு 11 வருஷம் முன்பே அவர் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. உபயம்: 'ஹேபியஸ் கார்பஸ்'!

அதென்ன? தமிழில் ஆட்கொணர்வு மனு. 'எங்க ஆளை எந்தச் சட்டப்படி உள்ளே வெச்சிருக்கீங்க? கோர்ட்டுக்கு வந்து சொல்லுங்க சாமி!' அவ்வளவுதான் விஷயம்.

1950-ல் சென்னை ராஜ்ய அரசு கோபாலனைத் தடுப்புக் காவலில் வைத்திருந்தது. செய்த தப்புக்காக இல்லை. இனிமேல் செய்துவிடுவாரோ என்று! அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு இன்னும் தமாஷ். எதற்காகப் பிடித்தார்கள் என்பதைக் கோர்ட்டில்கூடச் சொல்லக் கூடாது. மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில். ஜெயிலில் இருப்பவருக்கே ஜெயில்!

சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 19.5.1950-ல் தீர்ப்பு. மனு தள்ளுபடி. ஆனால், 14-வது பிரிவு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆள் வெளியே வரவில்லை; காரணம் வெளியே வர வழி பிறந்தது. காரணத்தைக் கோர்ட் படித்தால்தானே ஓட்டை தெரியும்?

இன்றைக்குத் தேனிப் பக்கம் ஒருத்தரைக் குண்டர் சட்டத்தில் (1982) போடக் கலெக்டர் கையெழுத்திட்டால், ஒரு வருஷம் வரை உள்ளே. சின்னமனூரில் இருக்கிற அம்மாவோ சம்சாரமோ ஆட்கொணர்வு மனு போடலாம். முன்னே இதற்குச் சென்னைக்கு ஓட வேண்டும். 2004 ஜூலையிலிருந்து ஹைகோர்ட் கிளை மதுரையிலேயே இருக்கிறது. அங்கே கேட்கிற கேள்விகள் ரொம்ப எளிமை. கொடுத்த நகல் படிக்கிற மாதிரி இருந்ததா? இங்கிலீஷ் காகிதத்துக்குத் தமிழ் கொடுத்தீங்களா? அவர் அனுப்பின முறையீட்டை எத்தனை நாள் தூங்க வெச்சீங்க? பதில் சரியில்லையென்றால் உத்தரவு ரத்தாகலாம்.

'இத்தனூண்டு காகிதத் தப்புக்கு ரௌடியை விடறதா?' என்று கோபம் வரும். வரட்டும். ஆனால், அசல் வழக்கு அப்படியேதான் நிற்கும். அதற்குத் தனி ஜாமீன், தனி விசாரணை. ரத்தாவது, விசாரணையே இல்லாமல் பூட்டி வைத்த உத்தரவு மட்டும்தான்.

விசாரிக்காமல் ஒரு மனுஷனைப் பூட்டுகிறவர்கள், காகிதத்தையாவது ஒழுங்காக எழுத வேண்டாமா?