சொல்லத் தயங்கும் குறையும் இதய நலமும்

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் எங்களிடம் வரும் முதிய ஆண்கள் கால் எரிச்சலைச் சொல்கின்றனர், மலச்சிக்கலையும் சொல்கின்றனர். விறைப்புக் குறைபாட்டைச் சொல்வோர் மிகச் சிலரே. இதனையும் ஏனைய நோய்க்குறிகளைப் போலவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

'ஆண்மைக்குறைவு' என்னும் வழக்குச் சொல்லே தயக்கத்திற்கு ஒரு காரணம். அது மனிதரின் தன்மதிப்பையே குறைத்துப் பேசுகிறது. ஆனால் இக்குறை அரிதானதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தப்பெற்று 1994இல் வெளியான ஆய்வில், 52 விழுக்காட்டினரிடம் இக்குறை ஏதேனும் ஓர் அளவில் காணப்பட்டது.

ஆண்குறிக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனிகளுடையது 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்புப் படிவு இரண்டிலும் ஏற்படும்போது, குறுகிய குழாயில்தான் தடை முதலில் வெளிப்படும். ஆகவே, நெஞ்சுவலி தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே விறைப்புக் குறைபாடு தோன்றக்கூடும். நீடித்த சர்க்கரை நோய் இரத்தக் குழாய்களோடு நரம்புகளையும் சிதைக்கிறது. புகைப்பழக்கம், மதுப்பழக்கம், டெஸ்டோஸ்டிரோன் குறைவு, இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகள் ஆகியனவும் காரணமாகலாம். அதற்காக அம்மருந்துகளைத் தாமே நிறுத்திவிடுதல் கூடாது.

மனத்தின் பங்கும் சிறிதன்று. பணி ஓய்வு தரும் வெறுமை, துணைவியின் நோய், கடன் கவலை, ஒருமுறை தவறியதால் எழும் அச்சம் ஆகியவை விறைப்பைத் தடுக்கும். குறை திடீரெனத் தொடங்கி, விடியற்கால விறைப்பு இயல்பாக நீடித்தால் மனக்காரணம் மேலோங்கியிருக்கலாம். சிறிது சிறிதாக வளர்ந்தால் உடற்காரணத்தை முதலில் ஐயுற வேண்டும். முதியோரிடம் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். எனவே, 'வயதாகிவிட்டது' என்றோ 'எல்லாம் மனப்பிரமை' என்றோ சொல்லிப் பரிசோதனையைத் தவிர்ப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

மறைப்பதால் நேரும் மற்றோர் ஆபத்தும் உண்டு. சுவர் விளம்பரங்களை நம்பியோ மருந்துக் கடையில் சீட்டின்றியோ பலர் மாத்திரை வாங்குகின்றனர். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவர் சில்டெனாஃபில் போன்ற மருந்தையும் சேர்த்து உட்கொண்டால், இரத்த அழுத்தம் கடுமையாகச் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், இ.சி.ஜி., தேவையெனில் காலையில் எடுக்கும் ஹார்மோன் பரிசோதனை ஆகிய எளிய சோதனைகளிலேயே பல காரணங்கள் புலப்படும். கேட்பது மருத்துவரின் கடமையே. நோயாளியோ அவர்தம் துணைவியோ தாமே தொடங்கினாலும் அதில் இழுக்கு எதுவுமில்லை. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாயின், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். மற்றவற்றை நாங்கள் கேட்டறிவோம்.