சனியனா? கம்பெனியா?

சென்ற வாரம் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நம்மைக் கண்ட ஒரு தோழர், தமது 14 வயதுப் பையன் இரவு இரண்டு மணி வரை செல்போனைக் கீழே வைப்பதில்லையென்றும், பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறானென்றும், போனைப் பிடுங்கினால் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிகிறானென்றும் சொல்லி வருந்தினார். அதற்கு என்ன செய்தீர் என்று கேட்டோம். முதலில் அடித்தாராம். பிறகு ஒரு ஜோசியர் அஷ்டமச் சனி என்று சொல்ல, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் பரிகாரம் செய்து 3,000 ரூபாய் தட்சணை கொடுத்தாராம். சனி போகவில்லை, 3,000 ரூபாய்தான் போயிற்று. அந்த ஜோசியரும் கிரகத்தைச் செல்போனில் பார்த்துத்தான் சொன்னாராம்!

தோழர்களே! அத்தகப்பனாரைக் கண்டு நாம் சிரிக்கவில்லை. காரணம் தெரியாத வீட்டில்தான் கிரகம் குடியேறுகிறது. காரணம் என்ன?

மூளையில் ஆசையையும் பரபரப்பையும் கிளப்பும் பாகம் பன்னிரண்டு, பதிமூன்று வயதிலேயே வேகங்கொண்டு விடுகிறது. "போதும், நிறுத்து" என்று சொல்லும் நெற்றிப்புறத்து மூளையோ இருபத்தைந்து வயது வாக்கில்தான் முதிர்ச்சி பெறுகிறது. மாட்டை வண்டியில் பூட்டியாயிற்று. மூக்கணாங்கயிறு இன்னும் திரித்தாகவில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்தவர்கள், 10 முதல் 19 வயது வரையுள்ள 237 பேரைப் பற்றிய 12 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2024-ல் வெளியிட்டதில், இண்டர்நெட்டுக்கு அடிமைப்பட்ட பிள்ளைகளின் மூளையில் கவனத்தையும் தீர்மானத்தையும் நடத்தும் பாகங்களின் தொடர்பு மாறியிருக்கக் கண்டார்கள். இண்டர்நெட்டால் மூளை மாறிற்றா, அப்படிப்பட்ட மூளையுள்ளவர்கள்தான் அதில் வீழ்கிறார்களா என்பது இச்சிறு தொகையைக் கொண்டு முடிவாகாது. இதை ஒளிக்காமல் சொல்லுவதுதான் விஞ்ஞானத்துக்கும் ஜோசியத்துக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் கம்பெனிக்காரன் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. தீனி எப்போது விழும் என்று தெரியாவிட்டால் புறா விடாமல் கொத்தும் என்பதை ஸ்கின்னர் என்ற அமெரிக்கர் சென்ற நூற்றாண்டிலேயே காட்டினார். விரலால் தள்ளத் தள்ள அடுத்த படம் வருவதும் அந்தத் தந்திரமே. பிள்ளை பார்க்கும் ஒவ்வொரு நிமிஷமும் விளம்பரக் காசு. உண்டியலில் பக்தன் பணத்தைப் போடுகிறான்; இதில் பையன் தூக்கத்தைப் போடுகிறான்.

சர்க்கார் சும்மா இருந்ததென்று சொல்ல மாட்டோம். பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டங்களில் 18 வயதுக்குட்பட்டவர்கள் சேரக்கூடாதென்றும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாதென்றும் தமிழ்நாடு 2025-ல் விதி செய்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் மத்திய சட்டம் பணம் வைத்தாடும் ஆட்டங்களையே தடுத்தது. பணம் கேட்காமல் நேரத்தைத் தின்னும் படங்களுக்கு இந்தச் சட்டங்கள் என்ன செய்யும்?

இதில் மற்றொரு அக்கிரமமும் நடக்கிறது. கெட்டுப் போகிறவன் பையன். போனைப் பிடுங்குவது பெண்ணிடம்! குலப்பெருமைக்காகப் பெண்ணின் போனைப் பறிப்பது மூளையைக் காக்கிற காரியமல்ல. அடுப்பங்கரையின் பழைய பூட்டேயாகும். பரீட்சை முடிவும், ஸ்காலர்ஷிப் மனுவும், வேலை விளம்பரமும் அந்தப் போனில்தானே வருகின்றன? விதி செய்தால் இருவருக்கும் ஒன்றாய்ச் செய்யுங்கள்.

ஆகவே, இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், தகப்பனார் போன் உள்பட, கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும். இந்த வயதில் எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அடிக்காமல் பேசுங்கள். விளையாட இடமும் படிக்க நூல்நிலையமும் தேடிக் கொடுங்கள். மிஞ்சிப் போனால் டாக்டரிடம் போக வெட்கமென்ன? மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1997-ல் நம் திருச்சியில்தான் துவங்கிற்று. 14416 என்ற எண்ணுக்குப் பேசக் காசு வேண்டியதில்லை, தட்சணையும் வேண்டியதில்லை.

அந்தத் தோழருக்கும் இதையே சொன்னோம். சனி ஆகாயத்தில் தன் வழியே போய்க் கொண்டிருக்கிறது. அதற்கு உங்கள் பையனைத் தெரியாது. கம்பெனிக்காரனுக்கு நன்றாய்த் தெரியும். யாரிடமிருந்து பிள்ளையைக் காக்க வேண்டுமென்பதை யோசித்துப் பாருங்கள்.