இளம் எழுத்தாளரும் இலக்கிய மாநாடும்

எழுதுதல் தனிமையில் நிகழும் தொழிலாயிற்றே, அதற்குக் கூட்டமும் மாநாடும் எதற்கு என்று நம் கல்லூரி நண்பர் பலர் வினவக் கேட்டிருக்கின்றோம். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. கூட்டந்தோறும் சென்று திரிவோருட் பலர் ஒரு பக்கமும் எழுதாதொழிவதை யாமும் கண்டுள்ளோம். ஆயினும், எழுதக் கருதும் மாணவர் ஆண்டிற்கு ஒரு முறையேனும் எழுத்தாளர் மாநாட்டிற்குச் செல்லல் வேண்டும் என்பதே எம் துணிபு. அதன் பயனையும் செல்லும் முறையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தமிழர்க்கு இஃது புதுவழக்கன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்ப உரைக்கப்பட்டதென்று அதன் பாயிரம் கூறும். அறிந்தார் அவையில் வினாக்களைத் தாங்கி நின்ற பின்னரே நூல் நூலாகும் என்பது முன்னோர் கொள்கை. வள்ளுவரும் கேள்விக்கு ஓர் அதிகாரமும், அவையறிதல், அவையஞ்சாமை என அவைக்கு இரண்டு அதிகாரங்களும் வகுத்தார். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவியதும், 1975-இல் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதும், 1981-இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு கூடியதும் நமக்கு அணித்தாகிய மதுரையிலேயே என்பதும் நினைக்கத்தக்கது.

இனி, ஒருவரை ஒருவர் காண்பதால் விளையும் பயன் யாது? 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், உ. வே. சாமிநாதையரை நோக்கிச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று வினவினார். அவ்வொரு வினாவே ஐயரைப் பழஞ்சுவடிகளின்பாற் செலுத்தியது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. சொற்பொழிவினும் வினாவே வலிது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எம் சிறு அனுபவம் ஒன்றையும் கூறத் துணிகின்றோம். சென்ற ஆண்டு விடியுமுன் கம்பத்திற் பேருந்தேறி, தேனியும் ஆண்டிபட்டிக் கணவாயும் கடந்து, மதுரையில் நிகழ்ந்த ஓர் இலக்கியக் கூட்டத்திற்குச் சென்றோம். கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஒரு தாயைப் பற்றி எழுதிய கதை எம் பையில் இருந்தது. உணவு இடைவேளையில் முதிய எழுத்தாளர் ஒருவர் அதனைப் பொறுமையுடன் படித்தார். படித்து முடித்து, “தம்பி, இந்த அம்மாள் தூக்குவாளியில் என்ன கொண்டுபோகிறாள்?” என்று மட்டும் கேட்டார். எம்மால் விடை கூற இயலவில்லை. அத்தாயின் கண்ணீரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தோம். நாள்தோறும் எம் தெருவிலேயே ஜீப்பு ஏறும் பெண்டிரிடம் ஒரு சொல்லும் கேட்டிலோம்! ஊர் திரும்பி, அடுத்த வீட்டு அத்தையை வினவினோம். இரவு வடித்த சோறும் ஊறுகாயும் என்றார். அட்டைக் கடிக்கு அஞ்சி நின்றுகொண்டே உண்பதும் உண்டு என்றார். அதன்பின் எழுதியதே கதையாயிற்று.

ஆதலின் செல்லும் முறை இதுவாகுக. பேச இருப்போர் நூல்களுள் ஒன்றையேனும் முன்னரே படித்துச் செல்க. தம் கையெழுத்துப்படி ஒன்றை, சுருக்கமானதாக, உடன்கொண்டு செல்க. புகழ்மிக்காரைச் சூழ்ந்து படம் எடுப்பதில் பொழுதைப் போக்காது, அருகிருக்கும் அறியாதவரோடு உரையாடுக. அவரே நாளை நம் நெடுநாள் வாசகராகலாம். குறை கூறப்படின் மறுமொழி கூறாது குறித்துக்கொள்க. திரும்பிய ஏழு நாளுக்குள் அப்படியைத் திருத்துக. திருத்தாதார் சென்றது வெறும் உலாவேயாம்.

மேற்கே ஓடிய பெரியாற்று நீரை 1895-இல் எழுந்த அணையும் சுரங்கமும் நம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பின. மழை அதற்கு முன்னும் மலையில் பெய்ததே. வழி அமைந்த பின்னரன்றோ அந்நீர் நம் வயலுக்கு வந்தது? நம் மாணவர் நெஞ்சில் கதைகளுக்குக் குறைவில்லை. வைகை அணையால் ஊரிழந்தோர் துயர் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாகி, 2003-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. திராட்சைத் தோட்டத்தின் கதையும் ஏலமலையின் கதையும் யார் கையை நோக்கிக் காத்திருக்கின்றன?

ஆனால் பேருந்துக் கட்டணமும் ஒரு நாட் கூலியும் பெருந்தடையாகும் இல்லங்கள் நம்முள் பல. அவ்வில்லத்துப் பிள்ளைகளிடமே சொல்லப்படாத கதைகள் மிகுதியும் உள. ஆகவே நம் தமிழ் மன்றத்தார்க்கு ஒரு விண்ணப்பம்: திங்கள்தோறும் ஒரு மாலையில் ஒரு மாணவர் தம் எழுத்தைப் படிக்கவும், ஏனையோர் வினவவும் இடமளிக்க வேண்டுகின்றோம். பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம்: ஆண்டுதோறும் இருவரையேனும் மாநாட்டிற்கு அனுப்பும் செலவை ஏற்றருள்க. அவர்கள் பாராட்டிதழ் கொணர வேண்டுவதில்லை. விடை தெரியாத ஒரு வினாவைக் கொணர்ந்தாற் போதும்.