கடப்பாரைக்கே ஓட்டு!

வேலி போடப் போகிறவர் முள்கம்பியின் விலையை நாலு கடையில் விசாரிப்பார். கல்லுக்கால் எந்த ஊர் குவாரியிலிருந்து வருகிறது என்று கேட்பார். ஆனால் குழி எதை வைத்துத் தோண்டப்படும் என்று கேட்கவே மாட்டார். "அதெல்லாம் ஆளுங்க பாத்துக்குவாங்க" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். வேலி நிற்பதும் சாய்வதும் அந்தக் குழியில்தானே இருக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. எட்டடிக்கு ஒரு கால் என்றால் நூற்றுச் சொச்சம் குழிகள். ஒவ்வொன்றும் 2 அடி ஆழம். குழியின் வாய் ஓரடி அகலம் இருந்தால் ஒரு குழியிலிருந்து சுமார் 44 லிட்டர் மண் வரும். அதையே முக்கால் அடியாகக் குறைத்தால் 25 லிட்டர்தான். நூறு குழிக்கு இந்த வித்தியாசம் ஏறக்குறைய 2 கனமீட்டர், அதாவது மூன்று டன் மண்! ஒரு மனிதனின் இடுப்பும் தோளும் வீணாகத் தூக்கும் மூன்று டன் அது. (அகலம் பாதியானால் மண் கால்வாசியாகிவிடும் என்பது பத்தாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் வயலில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.)

குறுகிய குழிக்கு இன்னொரு லாபமும் உண்டு. காலைச் சுற்றித் தோண்டாத பழைய மண் இறுக்கமாக அப்படியே நிற்கும். அகலமாகத் தோண்டி மண்ணைத் திரும்பக் கொட்டினால் எவ்வளவு இடித்தாலும் அந்த இறுக்கம் வராது. முதல் மழையில் கால் ஆடும்.

சரி, அப்படிக் குறுகலாகத் தோண்ட என்ன வாங்குவது? இணையக் கடைகளில் தேடினால் இரண்டு கருவிகள் முன்னால் வந்து நிற்கின்றன. ஒன்று, இரண்டு நீளக் கைப்பிடிகளும் அடியில் எதிரெதிரே இரண்டு வளைந்த தகடுகளும் கொண்டது. மண்ணில் குத்தி, கைப்பிடிகளை விரித்தால் தகடுகள் மூடிக்கொண்டு மண்ணைக் கவ்வும். இன்னொன்று, டீ வடிவக் கைப்பிடி வைத்த திருகு. கடைக்காரர்கள் ஆகர் என்பார்கள். சுற்றச் சுற்ற மண்ணைக் குடைந்துகொண்டு இறங்கும். விளம்பர வீடியோவில் இரண்டுமே வெண்ணெயில் கத்தி போல இறங்குகின்றன. அந்த வீடியோ எந்த மண்ணில் எடுக்கப்பட்டது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சரளையும் சுக்கானும் கலந்த மேட்டு நிலத்தில் அந்தத் திருகைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் தெரியும். நெல்லிக்காய் அளவு கல் ஒன்று பல்லில் மாட்டினால் போதும், திருகு நின்றுவிடும். மேலே நிற்பவர் உடம்பையே முறுக்கித் தள்ளினாலும் கல் நகராது, ஏனென்றால் திருகு அறுக்குமே தவிர உடைக்காது. பெட்ரோலில் ஓடும் திருகு இன்னும் மோசம். கல்லில் மாட்டும்போது எந்திரம் சுற்றாது, பிடித்திருப்பவரின் மணிக்கட்டைச் சுற்றிவிடும். கல் இல்லாத, ஈரப்பதமான வண்டலிலும் செம்மண்ணிலும் திருகு அருமையான சாமான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட மண்ணில் வேறு எதை வைத்துத் தோண்டினாலும் குழி விழும்!

இரட்டைக் கைப்பிடிக் கருவியின் குறை வேறு மாதிரி. அதன் எடை நாலைந்து கிலோதான். அந்த அடியும் இரண்டு அகலமான தகடுகளின் விளிம்பு முழுக்கப் பரவிவிடுகிறது. கடப்பாரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது சுமார் 70 ஜூல் ஆற்றல் முழுவதும் விரல் அகல முனை ஒன்றில் இறங்குகிறது. சுக்கான் கட்டி உடையாமல் என்ன செய்யும்? கல்லு பூமியில் வேலி போடும் அமெரிக்க விவசாயிகளும் அந்தத் தகட்டுக் கருவியோடு ஒரு கனத்த இரும்புக் கம்பியையும் சேர்த்தேதான் எடுத்துப் போகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் வேறு, பொருள் நம்ம ஊர்க் கடப்பாரைதான். (இலங்கையில் இதே சாமான் அலவாங்கு. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் அது.)

அதற்காகக் கடப்பாரை ஒன்றே போதும் என்று சொல்லிவிட முடியாது. அது உடைக்கும், அள்ளாது. ஓரடிக்குக் கீழே மண்வெட்டி நுழையாது. அப்போது என்ன நடக்கிறது? தோண்டுபவர் வெயிலில் குப்புறப் படுத்து, கொட்டாங்குச்சியாலோ பழைய டப்பாவாலோ மண்ணை வழித்து வெளியே போடுகிறார். கை நுழையவேண்டும் என்பதற்காகவே குழியின் வாய் அகலமாகிறது. மேலே சொன்ன மூன்று டன் இங்கேதான் பிறக்கிறது. இரட்டைக் கைப்பிடிக் கருவி உண்மையில் பயன்படும் இடமும் இதுதான். கடப்பாரை உடைத்துக் கொடுத்த மண்ணை நின்றபடியே கவ்வி எடுக்க அதைப்போல ஒன்று கிடையாது. தனியாக வாங்கினால் ஏமாற்றம், கடப்பாரைக்குத் துணையாக வாங்கினால் வரம்.

ஆக, காசு இருந்தால் இரண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கடப்பாரை. அதிலும் கனம் பார்த்து வாங்கவேண்டும். ஐந்து கிலோவுக்குக் கீழே போனால் துள்ளுமே தவிர இறங்காது. எட்டுக்கு மேலே போனால் பத்தாவது குழியில் தோள் கழன்றுவிடும். ஆறேழு கிலோ, தோண்டுபவரின் தோளுக்குக் குறையாத உயரம், இது பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். முனை மழுங்கினால் பட்டறையில் கொடுத்துக் காய்ச்சி அடித்துக்கொள்ளலாம். தகட்டுக் கருவி வாங்கும்போது தகடு எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஒட்டு வெல்டிங் என்றால் வேண்டாம். போல்ட் என்றால் தேய்ந்ததும் மாற்றலாம். கைப்பிடி மரமாக இருந்தால் அதிர்ச்சியைக் கொஞ்சம் தாங்கும், இரும்புக் குழாய் அப்படியே முழங்கைக்கு அனுப்பிவிடும். கல்லுக்கால் நாலுக்கு ஆறு அங்குலம் என்றால் அதன் மூலைக்கு மூலை ஏழு அங்குலத்துக்கு மேல் வரும். ஆறு அங்குலத் திருகு வாங்கியவர் அந்தக் காலை எங்கே நடுவார்?

கரிசல் காட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடித்து இரும்பாகிக் கிடக்கும். மழையிலோ தகட்டில் அப்பிக்கொண்டு வரவே வராது, ஒவ்வொரு தடவையும் சுரண்டவேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துத் தகட்டை முக்கி முக்கி எடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம். உண்மையான மருந்து, மழை நின்று மண் பதமாக இருக்கும் மார்கழி, தை மாதங்கள்தான். செம்மண்ணில் கோடையிலேயே தோண்டித்தான் ஆகவேண்டும் என்றால், முதல் நாள் சாயங்காலம் அரையடி தோண்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும். சுக்கானில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

இவ்வளவும் எதற்கென்றால், குழி தோண்டும் கூலி பெரும்பாலும் குழிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. பொருந்தாத கருவியோடு வந்த ஆள் ஒன்றே கால் அடியில் கல் தட்டினால் அங்கேயே நிறுத்திவிடுவார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அந்த ஒரு குழிக்கே அரை நாள் போனால் அன்றைய சாப்பாடு யார் போடுவது? காலை நட்டு மண்ணை மூடிவிட்டால் ஆழம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஐப்பசி மழையில் அந்தக் கால் சாயும், கம்பி தொய்யும், அந்த இடமாகப் பார்த்துக் காட்டுப்பன்றி மூக்கை நுழைக்கும். ஒரே ராத்திரியில் நிலக்கடலை போய்விடும். அதோடு பக்கத்துக் காட்டுக்காரரின் ஆடுகள், அதன்பின் வாய்ச்சண்டை...

கல்லு பூமியில் குழிக்குக் கூலி பேசுவது சரியில்லை. நாள் கூலி பேசி, நல்ல கடப்பாரையை நிலத்துக்காரரே வாங்கிக் கொடுக்கவேண்டும். வாங்கும்போது தோண்டப் போகிறவரையும் கடைக்கு அழைத்துப் போய், அவர் கையில் தூக்கிப் பார்க்கச் சொல்லவேண்டும். கடப்பாரையின் முனையிலிருந்து சரியாக 2 அடியில் ஒரு நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டால், கால் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு குழியிலும் அதை நிறுத்திப் பார்த்துவிடலாம்.