எந்திரம் வாங்கும் முன் குப்பையை எடை போடுவோம்



நம் ராமேசுவரம் தீவிலேயே பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலை வேண்டும் என்ற பேச்சு ஊரில் வலுத்து வருகிறது. மீனவர்களும் விடுதிக்காரர்களும் ஆசிரியர்களும் பழைய பொருள் வியாபாரிகளும் சேர்ந்த எங்கள் குழுவுக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் மனு எழுதும் முன், ஆலை இங்கே நிலைக்குமா என்று பார்த்தாக வேண்டும்.

எங்களுக்குப் பெரிய கவலை தண்ணீர்தான். பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிக் கழுவாமல் நல்ல குருணை எடுக்க முடியாது. வகை பிரிக்கவும் தண்ணீர் வேண்டும்: தொட்டியில் கொட்டினால் பெட் பாட்டிலின் துண்டு மூழ்கும், மூடியின் துண்டு மிதக்கும். குடிதண்ணீருக்கே குழாயைப் பார்த்துக் காத்திருக்கும் தீவில் இதற்கு நீர் எங்கிருந்து வரும்? கழுவிய நீர் எங்கே போகும்? அதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் இருக்கும். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அங்குள்ள தீவுகளும் பவளத்திட்டுகளும் 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் செலவைச் சேர்க்காத எந்தத் திட்டத்தையும் நாங்கள் ஏற்க மாட்டோம்.

அடுத்தது சரக்கு. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் அக்னி தீர்த்தத்தைச் சுற்றிக் குவியும் பாட்டில்களை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. எந்திரம் ஓட ஆண்டு முழுவதும் சரக்கு வேண்டும். விலை போகும் பாட்டிலைக் குப்பை பொறுக்குபவர்கள் இப்போதே எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் பிழைப்பில் ஆலை கை வைக்கக் கூடாது. மிஞ்சும் சிப்ஸ் பாக்கெட் பல அடுக்கு ஒட்டியது. சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போவதே அதற்கு வழக்கமான வழி. மணலும் உப்பும் ஏறிய கிழிந்த வலை வெட்டும் கத்தியை மழுக்கிவிடும். ஆனாலும் நைலானைத் தனியாகச் சேர்த்தால் வாங்க ஆள் உண்டு.

ஒருவேளை நமக்குத் தேவை ஒரு கிடங்கும், பாட்டில்களை அழுத்திக் கட்டும் எந்திரமும் மட்டுமாக இருக்கலாம். காலி பாட்டிலை அப்படியே ஏற்றினால் லாரியில் பாதிக்கு மேல் காற்றுதான் போகும். அழுத்திக் கட்டினால் பாம்பன் பாலம் தாண்டி அனுப்பும் கூலி கட்டுப்படியாகும். எங்கள் மனம் இப்போதைக்கு இந்தப் பக்கமே சாய்கிறது. எடை போட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும்.

ஆகவே கேட்கிறோம். சாதாரண வாரம் ஒன்றிலும் தை அமாவாசை வாரத்திலும் வீட்டு பிளாஸ்டிக்கை மற்ற குப்பையோடு கலக்காமல் தனிச் சாக்கில் போட்டுவையுங்கள். பால் கவரை ஒரு முறை அலசினால் போதும். விடுதிகளும் உணவகங்களும் பாட்டில்களை எண்ணிச் சொல்லுங்கள். பழைய பொருள் கடைக்காரர்கள் மாதம் எத்தனை கிலோ, என்ன விலை என்ற கணக்கைப் பகிருங்கள். பெயர் வெளியே வராது. படகுக்காரர்கள் பழைய வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

கணக்கு ஆலைக்கு எதிராகவே வந்தாலும் அதை அப்படியே ஊர்க் கூட்டத்தில் வைப்போம். தராசும் சாக்கும் தர முடிந்தவர்கள், இரண்டு மணி நேரம் நின்று எடை போட முடிந்த இளைஞர்கள், உங்கள் தெருவுக்கு வரும் எங்கள் ஆட்களிடம் பெயர் கொடுங்கள்.