ஒரே பட்டம், இரண்டு விலை

ஆலைத் தொழிலாளி வீட்டுப் பெண் பிளஸ் டூ தேறிவிட்டாள். நர்சுப் படிப்புக்குப் போகிறேன் என்கிறாள். தகப்பன் பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கேட்கிறான். கேட்டுவிட்டு வீடு திரும்பியவன் மனைவியின் கழுத்தைப் பார்க்கிறான். தாலிக்கொடியைத் தவிர அங்கே வேறென்ன இருக்கப் போகிறது?

தோழர்கள் பலர் வீட்டில் ஆண்டுதோறும் நடக்கிற காட்சிதான் இது. ஆகவே தமிழ்நாட்டில் நர்சிங் பட்டம் என்ன விலைக்குப் போகிறது, வாங்கியவர் கைக்கு என்ன வந்து சேருகிறது என்று இன்று கணக்குப் பார்ப்போம்.

பி.எஸ்ஸி. நர்சிங் நான்காண்டுப் படிப்பு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயோடு கல்விக் கட்டணம் முடிந்தது. தனியார் கல்லூரியிலோ கட்டணம், விடுதி, சீருடை, பஸ் என்று சேர்ந்து, படிப்பு முடிவதற்குள் லட்சங்களாகிவிடும். அதிக விலை கொடுத்தவருக்கு அதிகச் சரக்கு கிடைக்கிறதா? நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நீங்கலாக, இரு சாராருக்கும் தேர்வு நடத்துவது அதே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். பெயர் பதிவாவது அதே தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் ஏட்டில். யார் எவ்வளவு கொட்டிப் படித்தார் என்று எழுத அந்த ஏட்டில் இடமே கிடையாது!

மூன்றாண்டு டிப்ளமோ படித்தவரும் அதே ஏட்டில்தான் பதிகிறார். வார்டில் அதே ஊசியைத்தான் போடுகிறார். பட்டத்தின் மதிப்பு மேற்படிப்பிலும் ஆசிரியர் வேலையிலும் தெரியும். அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை.

வேற்றுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. நர்சு வேலையைக் கட்டிலோரத்தில் நின்றுதான் கற்க முடியும். 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நர்சுப் பயிற்சி தொடங்கிய காலந்தொட்டு அரசுப் பயிற்சியின் பலமே நோயாளிகளின் கூட்டந்தான். தனியார் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி வேண்டுமென்று இந்திய நர்சிங் கவுன்சில் விதி செய்தது. விதிக்குப் படுக்கையைக் காட்டிவிடலாம். படுக்கையில் ஆள் இருக்க வேண்டாமா? தனியார் என்றாலே மட்டம் என்பதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் 1946-இலேயே நர்சிங் பட்டப் படிப்பு வந்துவிட்டது. அங்கே நோயாளிக்குப் பஞ்சமில்லை.

இனிச் சம்பளம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு வைத்து ஒப்பந்த நர்சுகளை எடுத்தது. அரசுப் பள்ளியில் பயின்றவரும் வந்தனர், லட்சங்கள் கட்டியவரும் வந்தனர். மாதம் 7,700 ரூபாய்! ஒரு பெண்ணின் படிப்புக்கு 3 லட்சம் செலவானதென்று வைத்துக்கொள்வோம். சோறும் வாடகையும் இல்லாமல், ஒரு காசு தொடாமல் சேர்த்தாலும் 39 மாதச் சம்பளம் அதற்கே போய்விடும், வட்டி தனி. இரண்டாண்டு முடிந்ததும் நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டதில் என்ன வியப்பு? போராடிய பிறகே தொகை உயர்ந்தது.

தனியார் ஆஸ்பத்திரிகளின் கதைக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் 2016-இல் கட்டளையிட்டு அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் நர்சுக்கு 20,000 ரூபாயாவது வேண்டும், 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அரசு நர்சுக்குச் சமமாகத் தர வேண்டும் என்றது. பக்கத்துக் கேரளத்தில் நர்சுகள் விடாது போராடி, 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சக் கூலியாக அறிவிக்கச் செய்தார்கள். ஆஸ்பத்திரிகள் ஒன்றும் அங்கே இழுத்து மூடப்படவில்லை!

அரசுக் கல்லூரிகளில் இடத்தைப் பெருக்குங்கள், ஒப்பந்தத்தை ஒழித்து நிரந்தர வேலை கொடுங்கள் என்று கேட்கிறோம். ஒவ்வொரு கல்லூரியும் தன்னிடம் சேர்ந்தவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர், வேலைக்குப் போனவர் எத்தனை பேர், என்ன சம்பளத்துக்குப் போனார்கள் என்று வாயிற்பலகையில் எழுதி வைக்கட்டும். அதுவரை, கிளைத் தோழர்கள் ஒன்று செய்யலாம். பெண்ணைச் சேர்க்கப் போகும் தகப்பனோடு துணைக்குப் போங்கள். பணம் கட்டுமுன் அந்த ஆஸ்பத்திரி வார்டுக்குள் ஒரு நடை நடந்து, படுத்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.