கூட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்

நவம்பர் வந்தால் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை உண்டு. உயிரோடுதான் இருக்கிறோம் என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். போன வருடம் அதற்கான படிவத்தை எடுக்க ஓர் அலுவலகத்தின் இணையதளத்துக்குப் போனேன். மூன்று நாளும் '502 பேட் கேட்வே' என்றே வந்தது. நான்காம் நாள் நேரில் போனேன். சீட்டில் இருந்த தம்பி, "கூட்டம் ஜாஸ்தி சார், சர்வர் தாங்கல. பெரிய சர்வர் கேட்டு எழுதியிருக்கோம்" என்றார்.

காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். 'எழுதியிருக்கோம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அந்தப் படிவம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் பத்தாயிரம் பேர் கேட்டால் பத்தாயிரம் தடவையும் அந்த சர்வர் டேட்டாபேஸைத் தட்டி எழுப்பி, அதே பக்கத்தைப் புதிதாகத் தயாரித்துத் தருகிறது. எங்கள் காலத்தில் சுற்றறிக்கை கேட்டு வந்த ஒவ்வொருவருக்காகவும் அதிகாரியிடம் மறுபடி டிக்டேஷன் எடுத்தோமா? சைக்ளோஸ்டைல் பிரதிகளை கவுண்டரில் அடுக்கி வைத்திருப்போம். (பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அது 'கிஷே'.) அதிகாரி அன்று லீவு என்பதுகூட வந்தவருக்குத் தெரியாது.

அந்த கவுண்டர் ஆளைத்தான் கணினிக்காரர்கள் ரிவர்ஸ் ப்ராக்ஸி என்கிறார்கள். அவன் கையில் இருக்கும் பிரதிக் கட்டு கேஷ். பிரெஞ்சிலிருந்து போன சொல். 'கஷே' என்றால் ஒளித்து வைப்பது. இதற்குக் காசும் வேண்டாம். ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004-ல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் இலவசம். நார்வேயின் வி.ஜி. பத்திரிகைத் தளத்துக்காக எழுதப்பட்டு 2006-ல் வந்த வார்னிஷும் இலவசம்.

இன்னொன்று சொல்கிறேன். அந்த 502-க்குக் கீழே பொடி எழுத்தில் 'என்ஜின்எக்ஸ்' என்றே போட்டிருந்தது. முன்னால் நிற்பவன் பின்னால் கேட்டும் சரியான பதில் கிடைக்கவில்லை என்பதுதான் 502. ஆகவே கவுண்டரில் ஆளை ஏற்கெனவே உட்கார வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு பிரதி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கா பெரிய சர்வர்?

கேள்விஞானத்தில் பேசவில்லை. எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் தளம் மலிவு வாடகை சர்வரில் ஓடுகிறது, சாயங்காலமானால் படுத்துவிடும். பேரனும் நானும் அதன் முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்தோம். எழுதியது சில வரிகள்தான். ஒரு பிரதி பத்து நிமிடம் செல்லும். பிரதி இல்லாதபோது நூறு பேர் ஒரே பக்கத்தைக் கேட்டால் ஒருவருக்காக மட்டும் உள்ளே போய்வா, மற்றவர்கள் காத்திருக்கட்டும். இது 'ப்ராக்ஸி கேஷ் லாக்'. உள்ளே பதில் இல்லையென்றால் பழைய பிரதியைக் கொடு. இது 'ப்ராக்ஸி கேஷ் யூஸ் ஸ்டேல்'. பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் வழக்கமாக அறுபது விநாடி. அதை ஐந்தாக்கினோம். அறுபது விநாடி எந்தக் கிழவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்?

முதல் வாரம் ஏமாந்தோம். சர்வர் படுத்தது, பழைய பிரதியும் வரவில்லை. பத்து நிமிடம் யாரும் கேட்காத பிரதியை என்ஜின்எக்ஸ் தானே கழித்துக் கட்டிவிடுகிறது என்று பேரன் கண்டுபிடித்தான். 'இன்ஆக்டிவ்' என்ற இடத்தில் ஏழு நாள் என்று போட்டபிறகு, சர்வர் படுப்பதை உறுப்பினர்கள் யாரும் கவனிப்பதே இல்லை.

பழைய தகவல் ஆபத்து என்பார்கள். காலிப் பக்கத்தை விட நேற்றைய படிவம் எந்த விதத்தில் ஆபத்து? ஆனால் ஒரு பயம் நியாயமானது. லாகின் செய்து பார்க்கும் பக்கத்தை கேஷில் வைக்கவே கூடாது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் கேஷ் அமைப்பைத் தவறாகப் போட்டதால், ஒருவருடைய கணக்கு விவரம் இன்னொருவருக்குத் தெரிந்தது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். என் பென்ஷன் தொகை பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பக்கங்களை விலக்க இரண்டு வரி போதும். படிவத்துக்கு அந்த ரகசியமும் கிடையாது.

இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி அந்த அலுவலகத்துக்குக் கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்தி நகல் தந்தார்கள். நேற்றும் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே 502, கீழே அதே பொடி எழுத்து.